விளக்கு வரிசையும் அக்காவின் கண்ணும்

அன்புள்ள அக்காவுக்கு,

கிரேன் உச்சியில் கொலுவீற்றிருக்கும் உன் தம்பி வணங்கி எழுதுவது. நான் நலம், என் மூட்டுவலி என்னைவிட நலம். உன் உடம்பு எப்படி?

இதை உனக்கு மச்சான்தான் படித்துக் காட்டுவார். மச்சான், ஒரு வரியையும் விழுங்காமல் சத்தமாகப் படியும்.

வானத்தில் விளக்குகள் வரிசையாக நகர்ந்ததாம், கெட்ட சகுனமாம், அக்காவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டீராம். அதைக் கேட்டு நான் கொதித்த கொதிப்பில் ஓர் ஊருக்கே சோறு வடித்திருக்கலாம்.

அக்கா, அதே வரிசையை நானும் பார்த்தேன். பயந்துபோய் ஹாரனை அழுத்தினேன். கீழே நின்ற என்ஜினீயர் சிரித்தார்.

"செயற்கைக்கோளுய்யா. ஒரே ராக்கெட்ல அம்பது அறுபது ஏத்தி விடுறாங்க, கொஞ்ச நாள் வரிசையாப் போகும். நமக்கு இருட்டினாலும் அந்த உசரத்துல வெயில் இருக்கு, அதான் மினுங்குது."

மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய தேதி அது. மச்சான், திங்கட்கிழமையே போய் வேறு தேதி வாங்கும். இல்லாவிட்டால் கிரேனோடு கடலைத் தாண்டி வந்து, உம்மை அந்த வரிசையில் கடைசி விளக்காக மாட்டிவிடுவேன்.

அக்கா, சட்டைப் பொத்தானுக்கு ஊசி நூல் அனுப்பு. கண் தெளிந்ததும் ஒரு பக்கம் உன் கையால் எழுது. இரண்டு வருடமாக மச்சான் கையெழுத்தில் வருவதால் உன் திட்டெல்லாம் ஆறிப்போய் வந்து சேருகிறது.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

உன் தம்பி