இரண்டாம் உப்பு

கொட்டகலை
21.11.1959

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

முருகனுக்குப் படைத்த வெண்பொங்கலை நேற்று எல்லோருக்கும் பரிமாறினேன். உங்கள் அண்ணன் ஒரு கவளம் வாயில் வைத்ததும் செம்பைத் தேடினார். "என்ன பரிமளம், கடலையே காச்சி ஊத்திட்டியா?" என்று சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. நிதானமாகச் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு, "படைக்கிறதுக்கு முன்னால வாயில வச்சுப் பாத்தியா?" என்று கேட்டார்கள்.

இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்ட விதத்தில், இல்லை என்றாலும் ஆமாம் என்றுதான் கேட்கும் என்று தோன்றியது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்கிறேன். நான் வாயில் வைக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் இந்த முறை எனக்குச் சுமையாகத்தான் இருந்தது. டயகமவில் அம்மா கரண்டியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்த்துத்தான் குழம்பை இறக்குவார். இங்கே தினமும் அடுப்பு மெழுகிக் கோலம் போட்டு, முதல் கரண்டியைச் சுவாமிக்கு வைத்து, பிறகு காக்கைக்கு வைத்து, அதன் பிறகுதான் வீட்டுக்கு. அதுவரை யார் நாக்கிலும் படக்கூடாது. போகப் போக அது எனக்குப் பிடித்துவிட்டது. ருசி பார்க்காமல் சமைக்கும்போது மனம் வேறெங்கும் போவதில்லை. உப்பைக் கையில் எடுக்கும்போது இது போதுமா என்று முருகனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத அமைதி அந்தச் சமையற்கட்டில் எனக்குக் கிடைத்தது. அதை இப்போது அத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

கொஞ்ச நாளாக வெள்ளிப் படையல் இப்படித்தான் கரிக்கிறது. சில வெள்ளிகளில் மட்டும் எல்லாம் சரியாக வருகிறது. அன்றைக்கும், "வாயில வைக்காம இவ்வளவு சரியா வருமா?" என்கிறார்கள். நான் எப்படித்தான் சமைப்பது?

மழை விட்டபாடில்லை. உங்களுக்கு இருமல் எப்படி இருக்கிறது?

தங்கள்
பரிமளம்


கொழும்பு
27.11.1959

அன்பு பரிமளத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்துவிட்டது. புறக்கோட்டையில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு இருமலும் ஒரு கூட்டாளி.

அம்மாவின் குணம் உனக்குத் தெரியாததல்ல. ஐப்பசியில் அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து கோபம் கூடியிருக்கிறது என்று அண்ணனும் எழுதினார். கொஞ்சம் பொறுத்துக்கொள். தை பிறந்ததும் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் அறை பார்த்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பிறந்த வீட்டுப் பழக்கத்தில் உன்னை அறியாமல் வாயில் வைத்திருக்கலாம் அல்லவா? அப்படியிருந்தால் அம்மாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடு. அதோடு முடிந்தது.

அன்புடன்
சோமசுந்தரம்


கொட்டகலை
5.12.1959

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது. "அல்லவா" மட்டும் நினைவில் நிற்கிறது.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். யாரோ இரண்டாவது முறை உப்புப் போடுகிறார்கள். நேற்று சுண்டலுக்கு உப்புப் போட்டு, மூடி வைத்து, பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூடி சற்றுத் தள்ளியிருந்தது. சுண்டலைப் பெரியத்தான் காக்கைக்கே வைத்துவிட்டு எழுந்தார். காக்கையும் தொடவில்லை.

இப்போது இந்த வீட்டில் எல்லோரையும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறேன். தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து விறகு கொண்டுவரும் காளியாயியைக்கூட முறைத்துவிட்டேன். அவள் விடுவாளா? "என்னம்மா பாக்குறீங்க? ஒங்க சட்டி பக்கம் வரவே எனக்கு உத்தரவு இல்ல. இதுல உப்ப வேற நான் அள்ளிப் போட்டேனாக்கும்! லயத்துல இருக்கறவளுக்கு உப்பு எங்க போடணும்னு தெரியும்மா" என்று விறகைத் தடாலென்று போட்டுவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அப்படியானால் மிஞ்சுவது அத்தைதான். என்னைச் சமையற்கட்டை விட்டு விரட்டுவதற்காகச் சுவாமிக்கு வைப்பதைக் கெடுப்பார்களா? எழுதவே கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் இருந்தால் அது எனக்குள்ளேயே வளர்கிறது.

இன்று காலை பெரியத்தான் முன்னிலையில் அவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "தோட்டத்துல பொறந்த பிள்ளைக்குப் படையல் முறை எங்க தெரியப்போவுது? ருசி பாத்துப் பாத்து அள்ளிப் போட்டிருக்கா. மார்கழி போகட்டும். தை மொத வெள்ளி கோயில்ல கற்பூரம் அணைச்சு, வாயில வைக்கலன்னு சத்தியம் பண்ணட்டும். இல்லாட்டி டயகமவுக்கே போகட்டும்."

என் அப்பா தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்கு வேலையில் யாரிடமும் கை கட்டிப் பழகாதவர். மகள் பெட்டியோடு வந்து நின்றால் அவர் எப்படி வெளியே தலைகாட்டுவார்?

நீங்கள் அத்தைக்கு ஒரு வரி எழுதுங்கள், பரிமளத்தை எனக்குத் தெரியும் என்று. அது போதும்.

தங்கள்
பரிமளம்


கொழும்பு
14.12.1959

அன்பு பரிமளத்துக்கு,

வருஷக் கடைசி, கடையில் தலைக்குமேல் வேலை. சுருக்கமாக எழுதுகிறேன். அம்மாவுக்கு நான் எழுதினால், பொண்டாட்டி சொல்லி எழுதுகிறான் என்பார்கள். சத்தியம்தானே, செய்துவிடு. மனதில் குற்றமில்லாதவளுக்குக் கற்பூரத்தைத் தொட என்ன பயம்?

அன்புடன்
சோமசுந்தரம்


கொட்டகலை
2.1.1960

அன்புள்ள அத்தானுக்கு,

நெருப்புக்கு நான் பயப்படவில்லை. நீங்கள் அதைக் கேட்டீர்களே, அதற்குத்தான்.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். பொங்கலுக்கு உப்புப் போட்டு மூடிவிட்டுப் பீலிக்குப் புறப்பட்டேன். பாதி வழியில்தான் சும்மாடு எடுக்காதது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தேன். சமையற்கட்டு முழுக்க ஈரவிறகுப் புகை. அத்தை அடுப்பருகில் நின்றார்கள். மூடியைத் திறந்து, ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். மறுபடியும் எடுத்து வைத்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உப்புச் சாடியில் கை விட்டு அள்ளிப் போட்டுக் கிளறினார்கள். சுவாமி படத்தின் பக்கம் திரும்பி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்கள். நான் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

முதலில் வந்தது கோபம். பிறகு அந்த மூடிய கண்கள் நினைவுக்கு வந்தன. என்னைக் கெடுக்க நினைப்பவர் அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாரா? மதியம் ரசத்துக்கு வேண்டுமென்றே உப்புப் போடாமல் அவர்களுக்கு மட்டும் ஊற்றினேன். உறிஞ்சிக் குடித்துவிட்டு, "இன்னைக்குத்தான் ரசம் ரசமா இருக்கு" என்றார்கள்.

அத்தான், உங்கள் அம்மாவின் நாக்கு போய்விட்டது. அந்தக் காய்ச்சலில் போயிருக்க வேண்டும். முருகனுக்கு உப்பில்லாமல் போய்விடுமோ என்று பயந்து, தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்கிறார்கள். உப்பே தெரியவில்லை, நான் போட மறந்தேன் என்று நினைத்து அள்ளிப் போடுகிறார்கள். கரிக்கிறது என்று மற்றவர்கள் சொன்னதும், நான்தான் பிறகு ருசி பார்த்து மேலும் போட்டேன் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். நான் அவர்களைச் சந்தேகித்த அதே நாட்களில் அவர்கள் என்னைச் சந்தேகித்திருக்கிறார்கள். இருவருக்குமே காரணம் இருந்தது.

இதை அவர்களிடம் சொல்லமாட்டேன். படையலைக் கரிக்க வைத்ததும் தன் கைதான் என்று தெரிந்தால் தாங்கமாட்டார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். சத்தியம் வேண்டாம் என்று மட்டும் எழுதுங்கள்.

தங்கள்
பரிமளம்


கொழும்பு
8.1.1960

பரிமளத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல் தேய்க்காமல் சமையற்கட்டு வாசலை மிதித்தால் சூடு போடுவேன் என்று எங்களை வளர்த்தவர் என் அம்மா. அவர் படையலை வாயில் வைத்தார் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? கதைப் புத்தகங்களை நிறையப் படிக்கிறாய். எல்லாமே உனக்குக் கதையாகத் தெரிகிறது.

புகையில் எதையோ பார்த்துவிட்டு எதையோ எழுதாதே. தை முதல் வெள்ளி கோயிலுக்குப் போ. அதன் பிறகுதான் அறை பார்ப்பேன்.

சோமசுந்தரம்


கொழும்பு
19.1.1960

அன்புள்ள பரிமளத்துக்கு,

அண்ணன் கடிதம் கிடைத்தது. கோயிலில் நடந்தது அவருக்கே சரியாக விளங்கவில்லை என்கிறார். ஆனால் "அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்று அம்மாவே சொன்னார்களாம். இப்போது எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. கோபத்தில் எழுதியதை மறந்துவிடு.

கொட்டாஞ்சேனையில் நல்ல அறை கிடைத்திருக்கிறது. தனி அடுப்பு, வாசலிலேயே குழாய். நீ உன் இஷ்டம்போல் சமைக்கலாம். மாதக் கடைசியில் அண்ணனோடு புறப்பட்டு வா. கோயிலில் என்னதான் நடந்தது?

என்றும் அன்புடன்
சோமசுந்தரம்


கொட்டகலை
23.1.1960

அன்புள்ள அத்தானுக்கு,

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

அன்று காலை வழக்கம்போல் பொங்கல் வைத்தேன். பீலிக்குப் போகும்முன் அத்தையிடம் போய், "அத்தை, உப்புப் போட்டாச்சு" என்றேன். அதற்கு முன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். நார் கையில் அப்படியே நின்றது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூடி வைத்தது வைத்தபடி இருந்தது.

கோயிலில் பூசாரி வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி என்முன் நீட்டினார். பெரியத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சத்தியம் செய்யத்தான் போயிருந்தேன். சொல்ல வேண்டியது உண்மைதானே. கையை நீட்டினேன். அதற்குள் பக்கத்திலிருந்து அத்தையின் கை வந்து நெருப்பை மூடியது. எடுக்கவே இல்லை. நான்தான் பிடித்து இழுத்தேன்.

பூசாரி திகைத்துப்போய், "என்னம்மா, அவங்கல்ல அணைக்கணும்?" என்றார்.

"யாரு அணைச்சா என்ன? அணைக்க வேண்டியவ அணைச்சாச்சு. வா பரிமளம், சோறு ஆறுது" என்று அத்தை படியிறங்கிவிட்டார்கள்.

 வழியில், தேயிலைத் தோட்ட அலுவலகத்துத் திருப்பத்தில், "எப்ப பாத்த?" என்று கேட்டார்கள். "எதை அத்தை?" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

அத்தையின் உள்ளங்கையில் கொப்புளம் பொங்கியிருக்கிறது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டுவருகிறேன். அந்தக் கையால் இன்னும் ஒன்றும் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன்.

உங்களுக்கு இப்போது நம்பிக்கை வந்திருப்பதில் சந்தோஷம். அது அத்தையின் வாயிலிருந்து புறப்பட்டு, பெரியத்தானின் கடிதத்தில் ஏறி, கொழும்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நான் அனுப்பியது மட்டும் வந்து சேரவில்லை. நான் எழுதியதை நீங்கள் இன்னும் நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நம்பியிருந்தால் அம்மாவின் நாக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்கள்.

கொட்டாஞ்சேனை அறையை விட்டுவிடுங்கள். எனக்கு இங்கே ஒரு சமையற்கட்டு இருக்கிறது. நீங்கள் வரும்போது வாருங்கள். மற்றவர்களுக்கு வைப்பதுபோல் உங்களுக்கும் இலை போடுவேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. உப்பு ஒருமுறைதான் விழுந்தது. படைத்து, காக்கைக்கு வைத்து, பிறகு சாப்பிட்டோம். பொங்கல் நன்றாக இருக்கிறது, உப்பு அளவாக இருக்கிறது என்று பெரியத்தான் சொன்னார். அத்தையும் ஆமாம் என்றார்கள்.

பரிமளம்