கிருமி என்றால் ஆகாது, உறை என்றால் ஆகுமாம்

என் ரமாக் கண்ணே, ஈரேழு உலகத்து மாடுகளுக்கும் டாக்டரே,

தேவலோகம் போயும் நீ சும்மா இருந்திருக்க மாட்டாய். காமதேனுவின் வாயைத் திறந்து பார்த்து, "தீனி சரியில்லை" என்று தேவர்களைத் திட்டியிருப்பாய். இங்கே நம் ஸ்ரீவராகம் தெருவில் உன் மாமன் கொதித்துக்கொண்டிருக்கிறேன். என் தலைமேல் இட்லிக் கொப்பரையை வைத்தால் தம்பானூர் ரயிலடிவரை இட்லி சப்ளை பண்ணலாம், அவ்வளவு கோபம்.

நம் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற மாட்டுக்கொட்டில் விவகாரம்தான். பாலில் கொஞ்சம் அபிஷேகத்துக்கு, மிச்சமெல்லாம் தெருக் குழந்தைகளுக்கு. உன் பெண் மீனுவும் அதைத்தான் குடிக்கிறாள். மழைக்காலத்தில் கடலைப் பிண்ணாக்கில் பூசணம் பிடிக்கும், அந்த நஞ்சு பாலில் இறங்கும், எவ்வளவு காய்ச்சினாலும் போகாது என்று என்னை மிரட்டியவள் நீ. அதற்காக ஒரு பொடி வாங்கி, நீயே தீனியில் கலந்துவந்தாய். அதிலுள்ள நல்ல பாக்டீரியா, நஞ்சைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு சாணியோடு வெளியே போய்விடுமாமே! இவ்வளவு பெரிய தியாகத்தை நம் வம்சத்தில் யார் செய்திருக்கிறார்கள், சொல்லு?

நீ போனபின் அந்தப் பொடி டப்பாவோடு நான் போய் நின்றேன். கொட்டில் செயலாளர் கணபதி இரண்டடி பின்வாங்கினார்.

"என்னது ஓய் இது?"

"நல்ல கிருமி."

"கிருமியா! அதைத் தின்ன மாட்டோட பாலை ஸ்வாமிக்கு அபிஷேகம் பண்றதா? நன்னாருக்கே!"

"மத்தியானம் தயிர்சாதம் வெளுத்துக்கட்டினீரே, அதுல என்ன இருந்தது, விபூதியா?"

"அது உறை ஓய். கிருமி வேற, உறை வேற."

எனக்குப் பொறி தட்டியது. "இதுவும் உறைதான். மாட்டு வயித்துக்குள்ள போடற உறை" என்றேன்.

"அட, இதை முன்னாடியே சொல்லப்படாதோ!" என்று டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நீ படித்த படிப்பெல்லாம் செய்யாததை ஒரு சொல் செய்துவிட்டது. இதற்குச் சிரிப்பதா, அழுவதா?

கோபம் அதற்கல்ல. நேற்று தீவனக் கடைக்காரர் மூட்டை இறக்கினார். அவிழ்த்தேன். பிண்ணாக்கா அது? பச்சைக் கம்பளம்! ஒரு யானையையே போர்த்தலாம்.

"மழையல்லே சாமி, கொஞ்சம் பூத்திருக்கும். அதான் நிங்க உறை போடறீங்கல்லோ, பின்னே என்ன பயம்?" என்றார் அந்த மகானுபாவர்.

"அவர் சொல்றது நியாயம்தானே ஓய்" என்று கணபதியும் தலையாட்டினார்.

"மாமா, பொடி காவலுக்குத்தான். கண்ணுக்குத் தெரியற பூசணத்தைக் கொட்டித்தான் ஆகணும்" என்று நீ படித்துப் படித்துச் சொன்னாயே! அதைச் சொன்னேன். யார் கேட்டார்கள்? குப்பையைத் தலையில் கட்டுவதற்கு உன் மருந்தையே சாக்காக்கிவிட்டார்களே, ரமா! குடிக்கப் போவது குழந்தைகள் இல்லையா?

அந்த மூட்டைமேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். தெருவே கூடிவிட்டது. "மாமா, இறங்குங்கோ, மானம் போறது" என்றார்கள். "முதல்ல பிண்ணாக்கு போகட்டும், அப்பறம் மானம் போகலாம்" என்றேன். அன்று பசுக்கள் வைக்கோலோடு திருப்திப்பட்டுக்கொண்டன. கடைசியில் ஆட்டோ வந்து மூட்டையைத் திருப்பிக்கொண்டுபோனது. நாளைக்கும் இதே சரக்கை அனுப்பமாட்டார் என்று யார் கண்டது?

அனுப்பட்டும். இனி அவிழ்த்து முகர்ந்து பார்க்காமல் ஒரு மூட்டையும் உள்ளே நுழையாது. மீனுவின் தம்ளரில் விழுகிற பாலுக்கு நான் பொறுப்பு. இதில் மட்டும் மிகை ஒன்றும் இல்லையடி, கண்ணே.

மூட்டைமேல் உட்காரத் தயங்காத,
உன் அம்மாவின் தம்பி,
மாமா