இரண்டாவது மிதியில் பிடிக்கும் பிரேக்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், காய்ச்சல் தலைவலி என்று வீட்டில் எதுவும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் பக்கத்தில் அப்பா இருப்பார், நீயும் எதையாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய், நான் சொல்ல வந்தது அப்படியே அமுங்கிப்போகும். அதனால் வியாழக்கிழமை நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். லாண்டரிக்கார அக்கா நம் வேனின் சாவியை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, "அக்கா, இந்த வண்டிக்கு முதல் மிதியில பிரேக் பிடிக்காது, ரெண்டாவது மிதியிலதான் பிடிக்கும்" என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய், "தண்ணி குடிக்கிறீங்களா அக்கா" என்று கேட்டது. அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உனக்கு இந்தக் கதை துண்டு துண்டாகத்தான் தெரியும், அப்பா அனுப்பும் போட்டோக்களும் அதற்கு நீ போடும் கைதட்டல் பொம்மைகளுமாக. அப்பா தையல் வேலை பார்த்த சோபா கம்பெனியை மூடி ஏழு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் அப்பா எப்படி இருந்தார் என்பதை உன்னிடம் நாங்கள் இருவருமே சரியாகச் சொல்லவில்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் நூலகத்துக்குக் கிளம்பும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அப்படியே. சட்டையில் மடிப்புக் கலைந்திருக்காது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருக்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் பண்டமாற்றுக்காரர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நீ விட்டுப்போன ஹேர் டிரையரை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார். மேசை விசிறியோடு வந்தார். விசிறி ஒரு பீரோ ஆனது, வீடு மாறிப் போகிறவர்கள் பாரத்தைக் குறைக்க நினைத்த நேரம். பீரோ ஃபிரிட்ஜ் ஆனது. ஃபிரிட்ஜைக் கொடுத்து ஸ்கூட்டர். ஐஸ் வியாபாரத்தை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போன ஒருவர், ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு தன் பழைய வேனைக் கொடுத்தார். வேன் வந்த அன்று அப்பா தெருவில் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு, "உன் பொண்ணோட ஹேர் டிரையர் வந்திருக்கு, வந்து ஏறு" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அங்கே காசு கை மாறக்கூடாது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, அதைச் சொன்னால்தான் உனக்கு மீதி புரியும். கொடுக்கிறவரிடம் வாங்குகிறவர் மூன்று கேள்வி கேட்கலாம். மூன்றுக்கும் பொய் சொல்லாமல் பதில் சொல்லியாக வேண்டும், பொய் சொன்னால் மறு வாரம் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை. கையோடு கை தொட்டுவிட்டால் அதோடு சரி, அதற்குமேல் "தொட்டாச்சு" என்ற ஒரே பதில்தான். ஐஸ்காரரிடம் அப்பா எஞ்சினைக் கேட்டார், பேப்பரைக் கேட்டார், டயரைக் கேட்டார். பிரேக்கைக் கேட்கவில்லை. மறுநாள் சந்தில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தபோதுதான் தெரிந்தது. மிதித்தார், மிதி தரை வரை போனது, வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்ததும் நின்றது. தள்ளுவண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்ம வீட்டு வண்டி இல்லையா, ரெண்டு தடவை சொன்னாத்தான் காது கேக்கும், உன்னை மாதிரி" என்றார். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார், கேட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். ஐந்து வாரம் அப்படியே ஓட்டினார். இரண்டு முறை மிதிப்பது அவர் காலுக்குப் பழகிப்போனது. பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் பழகிவிட்டது. சிட்டு, நடந்த தப்பின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். பழகிய பிறகு அது எங்களுக்குக் குறையாகவே தெரியவில்லை, கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்துவது போல ஆகிவிட்டது.

லாண்டரிக்கார அக்காவை நீ பார்த்ததில்லை, அவரும் அந்தப் பண்டமாற்று இடத்துக்கு வருகிறவர்தான். மேட்டுத் தெருவின் அடியில் கடை. மேலே இருக்கிற விடுதிகளின் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் அவரிடம்தான் வருகின்றன. இதுவரை வாடகை வண்டியில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பத்து வயதில் ஒரு பெண், அவர் எங்கே போனாலும் கூடவே ஒட்டிக்கொண்டு போகும். கடையை ஒட்டி ஓர் அறை, அதில் அவருடைய தம்பி வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன தையல் மெஷின், தடித்த ரெக்சினைக்கூடத் தைப்பது, ஒரு வெட்டும் மேசை. மூன்று வருடத்துக்கு அந்த அறையும் மெஷினும் மேசையும் அப்பாவுக்கு, வேன் அவருக்கு. பேச்சு அப்படித்தான் முடிந்தது. அப்பா அந்த அறைக்குள் போய் மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்குப் பத்தொன்பது வயது, நீ வயிற்றில், அப்போது பார்த்த முகம்.

அக்கா தன் மூன்று கேள்வியையும் யோசித்து யோசித்துத்தான் கேட்டார். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்? மழை பெய்ஞ்சா பின்னாடி தண்ணி ஒழுகுமா? வண்டி பேர்ல வழக்கு எதாவது இருக்கா?" துணிக்காரர் அல்லவா, நனையக்கூடாது என்பதுதான் அவர் கவலை. மூன்றுக்கும் அப்பா உண்மையைத்தான் சொன்னார். பக்கத்தில் உட்காரவைத்துத் தெருவைச் சுற்றிக் காட்டினார். வளைவில் இரண்டு முறை மிதித்தார், பால்காரருக்காக இரண்டு முறை மிதித்தார், வாசலில் இரண்டு முறை மிதித்து நிறுத்தினார். அக்கா கண்ணாடி வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் இருந்து அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இறங்கி வந்து, "பூ மாதிரி ஓடுதுங்க, என் வீட்டுக்காரர் கூட இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டதில்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கையோடு கை தொட்டது. நூலகத்தில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டி, எங்கே கிழிந்திருக்கிறது, எந்தப் பக்கம் இல்லை என்று பார்த்து, அடுத்து எடுப்பவருக்குத் தெரிய முன் அட்டையில் குறித்து வைக்கிறவள் நான். பன்னிரண்டு வருடமாக அதைச் செய்துவிட்டு, அன்று தண்ணீர் டம்ளரை நீட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவிடம் சொன்னேன். கையிலிருந்த காபியை வைத்துவிட்டார். "ஐயையோ, நான் மறைக்கலைம்மா, சத்தியமா ஞாபகமே இல்லை. மிதிக்கிறப்ப எனக்கே தெரியலை" என்றார். அது உண்மை, அவர் முகத்திலேயே தெரிந்தது. உடனே போய்ச் சொல்லிவிட்டு வருவார் என்று நினைத்தேன். அவரோ, "எனக்கு மறுநாளே தெரிஞ்ச மாதிரி அவங்களுக்கும் தெரிஞ்சிரும்" என்றார். அப்புறம், "சொன்னா ரூமைத் திருப்பிக் குடுக்கணும். மறுபடியும் அந்த நாற்காலியிலயே உட்காரச் சொல்றியா" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், அவர் கெஞ்சுவது போலக் கேட்டார். நான் அவர் வைத்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பிரேக் பிடிக்காதது நமக்குத் தெரிந்தது சமதளத்துச் சந்தில், நடக்கிற வேகத்தில். அக்கா இறங்கப்போவது மேட்டுத் தெருவில், பின்னால் ஈரத் துணி மூட்டையோடு. இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

நேற்று சனிக்கிழமை, மத்தியானம் நூலகத்தில் கூட்டமில்லாத நேரத்தில் அக்காவின் நம்பருக்கு அடித்தேன். பெண்தான் எடுத்தது. "அம்மா துணி அலசுறாங்க, கை ஈரம், என்னன்னு சொல்லுங்க ஆன்ட்டி நான் சொல்லிடறேன்" என்றது. பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்கு கண்டுபிடித்தேன். "ஒண்ணுமில்லைடா, வண்டி எப்படி ஓடுதுன்னு கேட்கத்தான்" என்றேன். "சூப்பரா ஓடுது, ஆனா அம்மா இன்னும் தெருவுக்குள்ளேயேதான் மெதுவா ஓட்டிப் பழகுறாங்க, மேல போகலை" என்றது. போனை வைத்தபிறகு எனக்கு வந்தது என்ன தெரியுமா, நிம்மதி. இன்னும் மேலே போகவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்ற நிம்மதி. அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே பயமாக இருக்கிறது. நேற்று முழுக்க வெளியே எந்த வண்டி கிறீச்சிட்டாலும் எழுந்து ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "என்னம்மா, அதே புத்தகத்துல மூணு தடவை முத்திரை குத்துறே" என்றார், பார்த்தால் அப்படித்தான் குத்தியிருந்தேன்.

இன்று காலை பத்து மணிக்கு அப்பா பண்டமாற்று இடத்துக்குப் போனார், கொடுக்க ஒன்றும் இல்லை, அறை கிடைத்ததை எல்லோரிடமும் சொல்லிவிட்டு வருவதற்கு. அவர் தலை மறைந்ததும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை லாண்டரி விடுமுறை, அக்கா வீட்டில்தான் இருப்பார், வண்டி நின்றுகொண்டிருக்கும். முதலில் உன்னிடம் சொல்லிவிட்டால் பிறகு அவரிடம் சொல்வதற்கு வார்த்தை தானாக வரும் என்று தோன்றியது. இப்போது வார்த்தை இருக்கிறது. எழுதி முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவேன், நடந்தால் இருபது நிமிடம். அறை போனால் போகட்டும். அப்பா என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பார் என்பதும் தெரியாது. அவர் சட்டை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை இன்னும் பல மாதம் பார்க்க என்னால் முடியுமா என்பதும் தெரியாது. அப்பாவைக் குறைவாக நினைத்துவிடாதே. அவர் மறந்தார். மறக்காமல் இருந்தது நான்.

நீ மழைக்கோட்டைக் கொடுத்து யாரிடமோ சைக்கிள் வாங்கியதாகப் பெருமையாக எழுதியிருந்தாய். அப்பன் மகள்தான். அதை ஒரு கடையில் காட்டிவிட்டு ஏறு, கை பிரேக் இரண்டையும் பார்க்கச் சொல், சிரிக்காதே. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தெருவைக் கடக்காதே. யாரிடமாவது எதையாவது கொடுக்கும்போது அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடு, அவர்கள் வேண்டாம் என்று போனாலும் போகட்டும். குளிருக்குத் தடித்த காலுறை இரண்டு பின்னி வைத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, கிளம்புகிறேன்.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல், நீ ஏறும் வண்டியெல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க, நல்ல மனிதர்கள் நடுவில் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். சைக்கிளைக் காட்டியதும் இரண்டு வரி எழுது, மறக்காதே.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா

செவ்வாய்க்கிழமை சேர்த்து எழுதுவது: நான் போனபோது அக்காவின் வீடு பூட்டியிருந்தது. ஒரு விடுதியில் அவசரமாகத் துணி எடுக்கக் கூப்பிட்டார்கள் என்று அக்கா ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக வண்டியை மேலே கொண்டுபோயிருக்கிறார். திரும்பி இறங்கும்போது, பதினொன்றரை மணிக்கு, மேட்டுத் தெருவின் கடைசி வளைவில் வண்டி சுவரில் மோதியது. அவருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. பெண்ணுக்கு நெற்றியில் ஆறு தையல். நேற்று நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போய், எங்களுக்கு முன்பே தெரியும் என்று அவரிடம் சொன்னோம்.