நாடாவில் உன் குரல்

பெர்கன், நவம்பர்

அன்பு மகளே,

அப்பாவை அடக்கம் செய்த அன்று நீ வராததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. அவருடைய இசைத்தாள்களையும் ஒலிநாடாக்களையும் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இப்போது இடம் நிறைய இருக்கிறது.

நேற்று அந்த நூலகத்தில் வேலை பார்க்கும் ராக்ன்ஹில்ட் ஒரு நாடாவைப் போட்டுக் காட்டினாள். அப்பா தான் புதிதாக இயற்றியதைப் பியானோவில் வாசித்துப் பதிவு செய்கிறார். நடுவில் கதவு திறக்கிறது.

"அப்பா, நானும்!" உன் குரல்.

அவர் திட்டப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். "வாடி குட்டி, மடியில ஏறிக்கோ" என்கிறார். பிறகு நாடா தீரும்வரை நீ தட்டும் சத்தம்தான்.

"கேக்க வர்றவங்களுக்குக் குடுக்கற பிரதியில இத வெட்டிடலாமா?" என்று ராக்ன்ஹில்ட் கேட்டாள்.

"வெட்டினா எல்லாத்தையும் திரும்ப எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றேன்.

அங்கே ஒரே நேரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து நாடா கேட்கலாமாம். விசாரித்து வைத்திருக்கிறேன்.

உன் அம்மா