தண்ணீர் ஏறாத சட்டை

அன்புள்ள நானா,

புதுப் பருத்திச் சட்டையின் கஞ்சி மணம் காலையிலிருந்து என் அறையில் நிற்கிறது. உங்கள் மகள் கிண்ணியாவிலிருந்து அன்புவழிபுரம் வரை கொண்டு வந்தாள். வாப்பாவுக்குச் செய்ததுபோல் தன் கணவருக்கும் தண்ணீர் ஏறாத சட்டை செய்து தரவேண்டுமாம். அவரும் இப்போது உங்கள் தோணியில்தான் நண்டு வலைக்குப் போகிறார்.

உங்கள் தோளில் இருந்த புற்றுப் புண்ணை வெட்டியெடுத்த டாக்டர், இனி அதில் வெயில் படவே கூடாது என்றார். நைலோன் சட்டை உங்களுக்குக் கடித்தது; பருத்தி கடல் தண்ணீரில் நனைந்து ஒட்டியது. இரசாயனம் படிப்பித்து ஓய்வுபெற்ற நான் ஒரு வழி சொன்னேன். பருத்தியைச் சவர்க்காரக் கரைசலிலும் பிறகு படிகாரத் தண்ணீரிலும் தோய்த்தால் நனையாது. வெயிலில் தோலைக் கெடுக்கும் கழியூதாக் கதிரைத் தடுக்க, சிங்க் என்கிற நாகத்தின் ஒட்சைட்டு வெள்ளைத் தூளையும் சேர்த்தேன். நனையாததைச் சோதிக்க ஒரு குவளை தண்ணீர் போதுமாக இருந்தது. கதிரைச் சோதிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இறங்குதுறையில் நீங்கள் சட்டைமேல் தண்ணீர் ஊற்றி, அது உருண்டோடுவதை எல்லாருக்கும் காட்டினீர்கள். முன்பெல்லாம் பத்து மணிக்குக் கரையேறுகிறவர், மத்தியானம் லுஹர் பாங்கு சொன்ன பிறகும் கடலில் நின்றீர்கள். நான் தயங்கித் தயங்கி ஏதோ சொல்ல வந்தபோது சிரித்தீர்கள். "தண்ணியே ஏறல்ல மாஸ்டர், வெயில் எப்படி ஏறும்? நீங்க படிச்சுப் படிச்சுப் பயந்த ஆள்."

சட்டை கழுவிய பேசினின் அடியில் வெள்ளைத் தூள் படிந்திருந்ததைப் பார்த்தேன். 'தூள் கழல்கிறது' என்று கொப்பியில் எழுதினேன். உங்களிடம் சொல்லவில்லை. இன்னொரு கழுவலையும் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தேன்.

பிறகு இரண்டாவது புண் வந்தது. நீங்கள் கண்ணை மூடிய பின் டாக்டரிடம் இரண்டு தரம் கேட்டேன். அது முதலிலேயே உள்ளே பரவியிருக்கலாம் என்றார். அது மருத்துவமா, என் முகத்தைப் பார்த்துச் சொன்ன ஆறுதலா என்று தெரியவில்லை. அந்தச் சட்டை இல்லாவிட்டால் பத்து மணிக்கே வந்திருப்பீர்கள். ஆனால் அதற்கு முன் நாற்பது வருடம் வெறும் மேலோடுதானே போனீர்கள்? இரவும் பகலும் யோசித்தும் ஒரு முடிவுக்கு வர ஏலவில்லை.

இன்று உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். "தண்ணி ஏறாது, பிள்ளை. வெயிலுக்கு இத நம்ப ஏலாது. பத்து மணிக்கு முன்னம் கரைக்கு வரச் சொல்லுங்கோ."

அவள் என்னையே பார்த்தாள். "இத வாப்பாக்கும் சொன்னீங்களா மாஸ்டர்?"

இல்லை என்றேன்.

சட்டையை மடித்து என் மேசையில் வைத்தாள். பிறகு, சட்டையை எடுக்க எப்போது வரட்டும் என்று கேட்டாள். என்னை மன்னித்துவிட்டாளா, இல்லை, நான் சொன்னது அவளுக்கு விளங்கவில்லையா? அதையும் நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.