கோப்பையில் வந்த மாலை

குண்டூர் நாடு,
கொல்லிமலை.

மோனிஷா அப்பாவுக்கு,

கோகிலா எழுதுகிறேன். நீங்கள் போர்வெல் போடுகிற சத்தீஸ்கர் காட்டில் செல்போன் டவரே இல்லை என்று பூபாலன் அண்ணன் சொன்னார். லீவு முடிந்து உங்கள் போர் வண்டிக்கே திரும்புகிறார் என்பதால் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அத்தையும் பாப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். மிளகு இந்த வருஷம் நல்ல காய்ப்பு.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பதறாமல் படியுங்கள். பாப்பா பிறந்தநாளுக்கு உங்கள் படம் போட்டு ஒரு தலையணையும் பால் குடிக்க ஒரு கோப்பையும் கீழே டவுன் கடையில் சொல்லியிருந்தேன். படத்துக்குக் கீழே "கண்ணுக்கு அப்பாவின் முத்தம்" என்று போடச் சொன்னேன். பார்சல் பஸ்ஸில் வந்தது. பிரித்தால், உங்கள் முகத்தைச் சுற்றி மாலை. கீழே "கண்ணீர் அஞ்சலி" என்ற எழுத்து.

உங்கள் குரலைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாத சேதி கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டதோ என்றுகூட நினைத்துவிட்டேன். போன் செய்தால், "வேற ஊட்டு ஆர்டரோட எழுத்து மாறிப்போச்சுங்க, மன்னிச்சுக்கங்க. புதுசா அனுப்பறேன், அதைத் தூக்கிப் போட்டுருங்க" என்றார்.

எங்கே தூக்கிப் போடுவது? ரோட்டோரம் போட்டால், பார்த்தவர்கள் நீங்கள் போய்விட்டதாகவே ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். அத்தை காதில் விழுந்தால் தாங்குவாரா? அடுப்பில் போடலாமென்றால், உங்கள் முகத்தைத் தீயில் போட எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் அமலோற்பவம் அக்காவிடம் முந்தானையில் மறைத்துக் கொண்டுபோனேன். மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், எனக்கு அவ்வளவாகப் பழக்கம்கூட இல்லை. அவர் சிரிக்கவில்லை. தலையணை உறையை விரித்து, மாலையையும் எழுத்தையும் வெட்டியெடுத்து, ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியாதபடி பொடிப்பொடியாக நறுக்கினார். உங்கள் முகத்தை மட்டும் என் கையில் கொடுத்தார். கோப்பையில் அப்படிப் பிரிக்க முடியாதே. "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ கோகிலா" என்றார். சாக்கில் சுற்றி, ஏதோ ஜெபத்தை முணுமுணுத்துவிட்டு, உலக்கையால் தட்டினார். "உடைஞ்சது அந்த எழுத்து மட்டுந்தான், அழாதே" என்றார். சில்லு யார் காலிலும் குத்தாதபடி அவர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம். அன்றைக்கு அவர் இல்லையென்றால் என்ன செய்திருப்பேனோ தெரியவில்லை. நீங்கள் வந்ததும் நாம் இரண்டு பேருமாகப் போய் அவரைப் பார்க்க வேண்டும்.

புதுப் பார்சலும் வந்துவிட்டது. பாப்பா அந்தத் தலையணையைக் கீழே வைப்பதே இல்லை.

எழுத்து மாறிப்போன அந்த இன்னொரு வீடு புளியஞ்சோலைப் பக்கமாம், கடைக்காரர் சொன்னார். அங்கே இருக்கிற அக்காவின் வீட்டுக்காரர் போன வருஷம் இறந்துவிட்டார். அவர் படத்துக்குக் கீழே நம் பாப்பாவுக்கான வரி அச்சாகிப் போயிருக்கிறது. கடைக்காரர் சரியானதை எடுத்துக்கொண்டு ஓடி, பழைய கோப்பையைத் திருப்பிக் கேட்டாராம். "தரமாட்டேனுங்க, எம்பையன் அதுலதான் பால் குடிக்கிறான்" என்றாராம் அந்த அக்கா.

அதைக் கேட்ட பிறகு என் கஷ்டத்தை நான் கஷ்டமென்றே சொல்வதில்லை. எட்டுக்கை அம்மனுக்கு விளக்குப் போட்டேன். அந்தப் பையனுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

பைப் தூக்கும்போது கீழே நிற்காதீர்கள். ஹெல்மெட் கனக்கிறதென்று கழற்றி வைக்காதீர்கள். அம்மன் உங்கள் கூடவே இருக்கட்டும். டீசலுக்கு லாரி டவுனுக்குப் போகும்போது நீங்களும் ஏறிப் போய் ஒரு போன் போடுங்கள். என்ன பேசுவதென்று யோசிக்க வேண்டாம். எப்போதும்போல "ஏம்புள்ள" என்று கூப்பிட்டால் போதும்.

வழி பார்த்திருக்கும்,
கோகிலா