மூன்று பலகைப் படகும் ஆறாத கோபமும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, படி ஏறும்போதெல்லாம் என்னைத் திட்டுகிறார், வீட்டைக் கட்டினதே நான்தான் என்பது போல. கடைக்குட்டி ஏன் முன்னைப் போலப் பேசமாட்டேன் என்கிறாள் என்று போனில் கேட்டாயே, அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏரிக்கரையில் படகுச் சங்கம் இருக்கிறதல்லவா, அதன் தலைவர், வெள்ளைச் சட்டை என்று சொல்வோமே, அவர்தான் காரணம். கோடை லீவில் ஒருநாள் கேட் திறந்திருக்கிறதே என்று உன் தங்கை உள்ளே போய், கவிழ்த்து வைத்திருந்த குட்டிப் பாய்மரப் படகு ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் தொட்ட இடத்தைத் துடைத்தார், அத்தனை பிள்ளைகள் எதிரில். பத்து வயசுப் பெண் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருந்தாள். ஏனடி என்றதற்கு, "என் கையில என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். இந்த ஆளை என் வாசலில் மண்டி போட வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

வாய்ச்சண்டை போட்டால் நாம்தான் தோற்போம், அதனால் பிள்ளைகளுக்கு நாமே படகு கட்டுவோம் என்றேன். பக்கத்து வீட்டுத் தச்சர் அண்ணனும் மாடி வீட்டு பஸ் டிரைவரும் சிரித்தார்கள், பிறகு தங்கள் பிள்ளைகளும் அந்தக் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்கள் என்பது அவர்களுக்கும் உறைத்தது. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யும்படி இருக்க வேண்டும், பழைய சைக்கிள் வாங்குகிற செலவில் முடிய வேண்டும், மூன்று பிளைவுட் பலகைக்குள் அடங்க வேண்டும், இதுதான் பேச்சு. சாயங்காலமானால் நம் ஹால் முழுக்கப் பழைய காலண்டர் தாள், தெருவே குனிந்து படம் போடும், அழிக்கும், சண்டை போடும். பலகை ஓரங்களில் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் மரத்தூள் குழைத்த பசையைப் பூச வேண்டும் என்று டிரைவர் எங்கேயோ விசாரித்து வந்து சொன்னார். தையல் என்றால், கார் சீட்டுக்கு உறை தைக்கிற நான் யாருக்கு விட்டுக்கொடுப்பேன்? பாயும் நான்தான் தைத்தேன், தார்ப்பாயில்.

ஆனால் முதல் படகு மானத்தை வாங்கிவிட்டது. நான் அவசரப்படுத்தியதில் இடப்பக்கப் பலகையைத் தச்சர் வீட்டிலும் வலப்பக்கத்தை டிரைவர் வீட்டிலும் அறுத்தோம். ஒருவர் தட்டையாக வைத்து அளந்திருக்கிறார், மற்றவர் வளைத்து வைத்து அளந்திருக்கிறார். படகு வாழைக்காய் மாதிரி ஒரு பக்கம் கோணிக்கொண்டு, ஏரியில் விட்டதும் வட்டம் போட்டது. சங்கத்து மதிலில் சாய்ந்துகொண்டு வெள்ளைச் சட்டை சிரித்த சிரிப்புக்கும் சேர்த்து மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத்தான் அறுக்கிறோம். இன்னொரு வழக்கமும் வந்தது, எந்தப் பிள்ளை படகு கேட்டாலும் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து ஒரு தையலையாவது தன் கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தர வேண்டும்.

இப்போது ஏரியில் நம் படகுகள்தான் ஓடுகின்றன, படத்தை நகல் எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்ததில் அடுத்த தெருவிலும் சுத்தியல் சத்தம். உன் தங்கை மட்டும் பசை குழைப்பாள், படம் வரைவாள், முடிந்த படகைத் தொடமாட்டாள், கரையிலேயே உட்கார்ந்திருப்பாள். இந்த நேரத்தில்தான் வெள்ளைச் சட்டையின் பேத்தி, எனக்கும் அந்தப் படகுதான் வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர் நம் வாசலில் வந்து நின்று, வேலையாளை அனுப்பட்டுமா என்றார். எல்லோருக்கும் ஒரே வழக்கம்தான் என்றேன். தேய்ப்பு மட்டும் பாக்கியிருந்த ஒரு படகின் அடிப்பலகைத் தையலைக் கொடுத்தேன், மண்டி போட்டால்தான் கை எட்டும். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தேன், அப்படித் தித்தித்தது. சரியில்லை, சரியில்லை என்று திரும்பத் திரும்பத் தேய்க்க வைத்தேன். உண்மையில் சரியாகத்தான் இருந்தது. உன் அப்பா உள்ளேயிருந்து போதும் விடு என்று கண்ணைக் காட்டினார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்போது கடைக்குட்டி வெளியே வந்தாள். அவர் எழுந்திருக்காமலே, "அன்னிக்கு நான் செஞ்சது தப்பும்மா" என்றார். அவள் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் என்றைக்கோ சொல்லிக் கொடுத்திருந்தேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு பதில். பாவி மகள், "எந்திரிங்க, மிச்சத்தை நான் தேய்க்கிறேன்" என்று உப்புத்தாளை வாங்கிக்கொண்டு படகில் கையை வைத்தாள். சாயங்காலம் அவர் பேத்தியோடு அதில் ஏறியும் போய்விட்டாள். கரையில் நின்று நான் அழுதேன், சந்தோஷமா ஆத்திரமா என்று இன்னும் தெரியவில்லை.

எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழ வேண்டும் கண்ணா. பல் டாக்டரிடம் போ, தள்ளிப் போடாதே. லீவில் வரும்போது வெள்ளைச் சட்டை உன்னைப் பார்த்துச் சிரிப்பார், நீ சிரிக்காதே. உன் தங்கை மன்னித்துவிட்டாள், அது அவள் பெரிய மனசு. இந்த வீட்டில் ஒருத்தராவது மறக்காமல் இருக்க வேண்டும், நான் இருக்கும்வரை நான், அப்புறம் நீ.

இப்படிக்கு,
உன் அம்மா